‘புரியுதா?’ என்று எத்தனை தடவை கேட்டேன்?

சென்ற இதழில் ஒரு வாசகர், “நான் நல்ல ஆசிரியரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டிருந்தார். “உங்கள் வகுப்பை ஒருநாள் போனில் பதிவுசெய்து, ராத்திரி தனியாக உட்கார்ந்து கேளுங்கள், தெரிந்துவிடும்” என்று எழுதினேன். வெளிநாடுகளில் இதற்குத் ‘தன்னாய்வு’ என்று ஒரு துறையே இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்தப் பதிலுக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஆர்வமாக, மீதிப் பேர் கோபமாக. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான். டியூஷன், நீட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

தன்னாய்வு, தன்னாய்வு என்கிறீர்களே! எங்கள் பள்ளியில் ‘செல்ஃப் ஸ்டடி’ என்றால் ஆசிரியர் லீவு போட்ட பீரியட் என்று அர்த்தம். நீங்கள் சொல்வது எது?
– கணித ஆசிரியர், விருதுநகர்

ஆங்கிலத்தில் இதற்கும் ‘செல்ஃப் ஸ்டடி’தான் பெயர், படிக்கிற ஆள்தான் வேறு. இங்கே படிப்பவர் ஆசிரியர், பாடப்புத்தகம் அவருடைய வகுப்பு. வகுப்பில் நான் என்ன செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், நிஜமாக என்ன செய்கிறேன் என்பதை ஆதாரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் தன்னாய்வு. ஆதாரம் என்றால் ஒலிப்பதிவு, பிள்ளைகளின் நோட்டு, அன்றன்று எழுதிய குறிப்பு, கூட வேலை பார்ப்பவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த காகிதம், இப்படி ஏதாவது. “இன்றைக்குப் பாடம் சரியாக வரலையே” என்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் யோசிப்பதும் நல்லதுதான். ஆனால் அந்த யோசனை நாம் இறங்குகிற ஸ்டாப்பிங் வருவதற்குள் கரைந்துவிடும்.

*

ஊருக்கு உபதேசமா, இல்லை நீங்களே செய்து பார்த்தீர்களா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோவில்பட்டி

ஐயா, சந்தேகப்பட வேண்டியதுதான். முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2008. செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தட்டுகளில் சின்னம் போட்ட அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று சொல்லும் கற்றல் ஏணி. பதினான்கு வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்திவிட்டு, நான் அப்போது ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்தேன். “ஆசிரியர் பேச்சைக் குறைக்க வேண்டும், பிள்ளை தன் வேகத்தில் படிக்க வேண்டும்” என்பதை மாணவ ஆசிரியைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சொல்லிக்கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம், நின்ற இடத்திலேயே நின்று, மூச்சு விடாமல்.

முடிவில் கருத்துச் சீட்டு வாங்குவது வழக்கம். பெயர் போடாத ஒரு சீட்டில் இப்படி இருந்தது: “செயல்வழிக் கற்றலை உரைவழியாக மிக நன்றாக நடத்தினீர்கள் மேடம். நன்றி.”

அந்த ‘நன்றி’தான் குத்தியது. இரண்டு நாள் கோபம் அடங்கவில்லை. ரெக்கார்டு நோட்டுகளை எடுத்துவைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதியது யார் என்று கண்டுபிடிக்கக்கூட முயன்றேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை, நல்லவேளை.

மூன்றாம் நாள் டேப் ரெக்கார்டர் ஒன்றை எடுத்துவந்து மேசை இழுப்பறையில் வைத்து, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க, 45 நிமிஷம், என் வகுப்பைப் பதிவுசெய்தேன். அன்று ராத்திரி அடுக்களையில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் எட்டிப் பார்த்து, “யாரு இந்தம்மா? மூச்சே விட மாட்டாங்களா?” என்றார். கிண்டல் இல்லை. என் குரல் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

கேட்டதை எழுத மூன்று சாயங்காலம் பிடித்தது. மின்விசிறி இரைச்சலில் பாதி வார்த்தை போய்விட்டது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் தெளிவாகத் திரும்பத் திரும்ப வந்தது. ‘புரியுதா?’ ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டேன். முப்பத்தேழு கோடு. முதல் சில தடவை “புரியுது மேடம்” என்று கோரஸாகப் பதில். போகப் போக அது “புரியுது” ஆகி, கடைசியில் வெறும் “ம்” ஆகிவிட்டது. இதைத் தவிர நான் கேட்ட நிஜமான கேள்விகள் பதினொன்று. அதில் எட்டுக்கு நானே பதில் சொல்லியிருந்தேன். கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன். ‘ஒன்று’ என்று தட்டி முடிப்பதற்குள் என் குரல் வந்துவிட்டது.

மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி போலத்தான் பொறுக்கிறார்கள். அதையே மூன்று வினாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஆய்வை அந்த வருஷமே நான் பாடமாக நடத்தியிருந்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருந்தேன்.

சரி, இரண்டு வாரம் ‘புரியுதா’ சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல, வாக்கியம் முடிந்ததும் அந்த வார்த்தை தானாக வாய்க்கு வரும், விழுங்கிக்கொள்வேன். அதற்குப் பதிலாக, “பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு நடுவில் நடந்தேன். இரண்டாவது நாளே தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் ஒன்று நடந்தது. “மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்த பிள்ளை எந்த அட்டையிலிருந்து தொடங்கும்?” என்று ஒருத்தி கேட்க, பக்கத்தில் இருந்தவள், “மத்த பிள்ளைங்க எங்க இருக்காங்களோ, அங்கேருந்துதான்” என்றாள். சுற்றி இருந்த நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். அந்தப் பிள்ளை தான் விட்ட அட்டையிலிருந்துதான் தொடங்கும். அந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. முப்பத்தேழு ‘புரியுது’க்கு அடியில் இதுதான் படுத்துக்கிடந்திருக்கிறது.

அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அடுத்த வாரம் அட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டு, இருபது நிமிஷம் நான் வாய் திறக்கக் கூடாது என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நிமிஷத்தில் ஒருத்தி எழுந்து, “மேடம், நோட்ஸ் எப்போ தருவீங்க?” என்றாள். எரிச்சலாக வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது அவள் கேட்டது நியாயம் என்று பட்டது. வருஷக் கடைசியில் பரீட்சை எழுதப்போவது அவள், நான் இல்லை. அதிலிருந்து நோட்ஸை முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, டிக்டேஷன் நேரத்தை மிச்சம் பிடித்தேன். ஜெராக்ஸ் செலவு என் கையைக் கடித்தது. அதையும் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

*

தன்னாய்வை யார், எப்போது தொடங்கினார்கள்? தேர்வுக்கு வேண்டும்.
– எம்.எட். மாணவி, சிதம்பரம்

தேர்வுக்கு என்றால் வருஷங்களை முதலில் பிடித்துக்கொள். ஆசிரியரே ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் எழுதியது 1975. வேலை செய்துகொண்டே அதைப் பற்றி யோசிக்கும் தொழில்காரர்களைப் பற்றி அமெரிக்காவில் டொனால்டு ஷோன் எழுதியது 1983. அமெரிக்கக் கல்வி ஆய்வுக் கழகத்துக்குள் தன்னாய்வுக்காரர்கள் தனிக் குழு அமைத்தது 1993. அவர்களுடைய முதல் மாநாடு 1996. இரண்டு தொகுதிக் கையேடு 2004. தனி ஆய்விதழ் 2005. இவ்வளவு எழுதினால் மார்க் வந்துவிடும்.

மார்க்குக்கு வராத விஷயம்தான் எனக்குப் பிடித்தது. ஜாக் வைட்ஹெட் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் பள்ளி அறிவியல் ஆசிரியர். பிள்ளைகளே கேள்வி கேட்டுத் தேடிக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை, தன் வகுப்பில் அப்படித்தான் நடக்கிறது என்றும் நம்பிக்கொண்டிருந்தார். வகுப்பை வீடியோ எடுத்துப் போட்டுப் பார்த்தால், கேள்விகளை எடுத்துக் கொடுப்பதே அவர்தான்! பிற்பாடு பாத் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1989-ல் இதைப் பற்றி எழுதியபோது, தன்னையே ‘உயிரோடு நடமாடும் முரண்பாடு’ என்கிற பொருளில் குறிப்பிட்டார். நான் உரைவழியாக நடத்திய செயல்வழிக் கற்றலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

கனடாவில் கிங்ஸ்டன் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் டாம் ரஸ்ஸல். இயற்பியல் ஆசிரியர்களை உருவாக்குவது அவர் வேலை. ‘பள்ளியில் நடத்தி எத்தனை வருஷமாயிற்று, நான் சொல்வது இன்னும் செல்லுபடியாகுமா?’ என்று பார்ப்பதற்காக 1990-களின் தொடக்கத்தில் பள்ளிக்குத் திரும்பிப் போய் ஒரு வகுப்புக்கு இயற்பியல் நடத்தினார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஜான் லோக்ரன் வேறு ஒன்று செய்தார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, “இப்போது நான் ஏன் இதைச் செய்கிறேன் என்றால்…” என்று மாணவ ஆசிரியர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்வார். செய்து பார், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பல இடங்களில் ‘ஏன்’ என்று நமக்கே தெரியாது.

1996 மாநாடு நடந்தது இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஹெர்ஸ்ட்மான்சூ என்கிற பதினைந்தாம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டையில். கிரீனிச் வான் ஆய்வகம் பல வருஷம் அங்கேதான் இருந்தது. பிறகு அந்த இடம் ரஸ்ஸல் வேலை பார்த்த குவீன்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக வந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கூட்டம் கூடுகிறது. நம்மூர்க் கல்விக் கருத்தரங்குகளில் எல்லாரும் பிள்ளைகளின் குறையையும், பெற்றோரின் குறையையும், அரசாங்கத்தின் குறையையும் பேசுவோம். அங்கே அவரவர் வகுப்பில் அவரவர் சறுக்கியதைப் படிக்கிறார்கள். இது தேர்வுக்கு வேண்டாம்.

*

நாங்கள்தான் வருஷாவருஷம் செயலாய்வு செய்து கொடுக்கிறோமே! அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– ஆசிரியர் பயிற்றுநர், பெரம்பலூர்

வகுப்பில் உள்ள ஒரு பிரச்சினைக்கு ஒரு வழியைச் செய்து பார்த்து, பலனை எழுதுகிற செயலாய்வு நல்ல சாமான்தான், கெடுத்தது நாம். நானே எத்தனை அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! முன்தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் தோற்பார்கள், மின்னட்டையோ (ஃபிளாஷ் கார்டு) பாட்டோ கொண்டுவந்து இரண்டு வாரம் நடத்துவோம், பின்தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் ஜெயிப்பார்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்டு அனுப்பிவிடுவோம். பின்தேர்வில் தோற்ற செயலாய்வு ஒன்றை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை.

செயலாய்வில் பிரச்சினை பெரும்பாலும் ‘பிள்ளைகளுக்குக் கழித்தல் வரவில்லை’ என்று தொடங்கும். தன்னாய்வில், ‘கழித்தல் வராத பிள்ளையிடம் நான் எப்படி நடந்துகொள்கிறேன்?’ என்று தொடங்க வேண்டியிருக்கும். மாற வேண்டிய ஆள் நாற்காலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர். செயலாய்வைத் தொடங்கிவைத்தவர்கள் சொன்னதிலும் இது இருந்தது. படிவம் நிரப்புகிற அவசரத்தில் நாம் தொலைத்துவிட்டோம்.

*

எங்கள் பள்ளியில் ஏற்கெனவே வகுப்புக்கு வகுப்பு சிசிடிவி இருக்கிறது. இதில் நானே வேறு பதிவுசெய்து வைத்தால், நிர்வாகம் கேட்டால் கொடுக்க வேண்டி வராதா?
– தனியார் மெட்ரிக் பள்ளி ஆசிரியை, ஈரோடு

வரலாம். அதனால்தான் சொல்கிறேன், யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதபோதுதான் இது நடக்கும். மேலே இருந்து பார்க்கிற கேமரா நம்மை நடிக்க வைக்கும். நாமே வைத்த ரெக்கார்டரும் முதல் இரண்டு நாள் நடிக்க வைக்கும்தான், மூன்றாம் நாள் மறந்துவிடுவோம். பயமாக இருந்தால் பதிவே வேண்டாம். காகிதமும் பேனாவும் போதும், கீழே அதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறேன்.

பதிவு செய்வதென்றால் சில விஷயங்களில் நான் கறார். வீடியோ வேண்டாம், குரல் மட்டும். பிள்ளைகளிடம், “நான் எப்படிப் பேசுகிறேன் என்று கேட்டுப் பார்க்கத்தான்” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. கேட்டுக் குறிப்பெடுத்ததும் அழித்துவிடுங்கள். எழுதும்போது பிள்ளையின் பெயர் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிற எண்ணம் லேசாக வந்தாலும் அன்றைக்குப் போனைத் தொடாதீர்கள். நான் 2008-ல் இழுப்பறைக்குள் ஒளித்துவைத்து எடுத்தது தப்பு. அடுத்த தடவை சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். “மேடம், போன தடவையும் எடுத்தீங்க, சிவப்பு லைட் தெரிஞ்சுது” என்றார்கள்.

*

அந்தக் காலத்தில் பிரம்பு ஒன்றுதான் இருந்தது, இந்த ஆய்வெல்லாம் இல்லை. நாங்கள் படிக்கவில்லையா?
– வாசகர், கும்பகோணம்

படித்தீர்கள். உங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, எஸ்.எஸ்.எல்.சி. வராமலே நின்றவர்கள் கடிதம் எழுதினால் அதையும் பிரசுரிக்கிறேன்.

*

என் வகுப்பு அனுபவத்தையே பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்ள ஆசை. “மாதிரி அளவு ஒன்றா? இது நாட்குறிப்பு, ஆய்வு இல்லை” என்கிறார் நெறியாளர்.
– உதவிப் பேராசிரியர், திருச்சி

உங்கள் நெறியாளர் கேட்பது சரியான கேள்வி. சுலபமாகத் தாண்டிப் போகாதீர்கள். வெறும் நாட்குறிப்பு ஆய்வாகாதுதான். விக்கி லபோஸ்கி என்பவர் 2004 கையேட்டில் இதற்குச் சில அடையாளங்கள் சொல்கிறார். ஆய்வைத் தானே தொடங்கித் தன்மேலேயே செய்ய வேண்டும், நோக்கம் மேம்படுத்துவதாக இருக்க வேண்டும், இன்னொருவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும், ஆதாரம் பலவகையாக இருக்க வேண்டும், படிக்கிறவர் ‘இது நம்பும்படி இருக்கிறது, என் வகுப்பிலும் பார்க்கிறேன்’ என்று சொல்லும்படி உதாரணங்களை விரித்து வைக்க வேண்டும். கடைசி இரண்டும்தான் நாட்குறிப்பையும் ஆய்வையும் பிரிக்கிற கோடு.

நெறியாளருக்கு ஓர் உதாரணம் காட்டுங்கள். டெபோரா பால் அமெரிக்காவில் மிச்சிகனில் 1989-90-ல் ஒரு மூன்றாம் வகுப்புக்குத் தினமும் கணிதம் நடத்தி, அந்த வருஷப் பாடங்களை ஆவணப்படுத்தினார். ஒருநாள் ஒரு பையன், ஆறு இரட்டைப்படையாகவும் இருக்கலாம், ஒற்றைப்படையாகவும் இருக்கலாம் என்றான். ஏனென்றால் ஆறுக்குள் மூன்று இரண்டுகள் இருக்கின்றன, மூன்று ஒற்றைப்படை. நாமாக இருந்தால், “தப்பு, உட்காரு.” அவர் வகுப்பையே விவாதிக்க விட்டார். அந்தச் சில நிமிஷங்களைக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இன்றைக்கும் எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். வகுப்பு ஒன்று, ஆசிரியர் ஒருவர்.

*

அட்மிஷன், எமிஸ் ஆன்லைன் பதிவு, எண்ணும் எழுத்தும் பதிவு, காலைச் சிற்றுண்டி… எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுத யாரால் முடியும்?
– ஈராசிரியர் பள்ளி ஆசிரியை, கல்வராயன்மலை

உங்களிடம் கேசட் கதையை நீட்டியது என் தப்பு. உங்களுக்குப் புளியங்கொட்டை போதும். காலையில் இடது கையருகே பத்துப் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசைப் பிள்ளை ஒன்றிடம் நிஜமான கேள்வி கேட்கும்போதெல்லாம் ஒன்றை வலது பக்கம் நகர்த்துங்கள். சாயங்காலம் எத்தனை நகர்ந்தது என்று காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதுங்கள். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் காலண்டர் பேசும். எதைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் இஷ்டம்: கோபப்பட்டது, ஒரு பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, பெண்பிள்ளைகளிடம் கேட்டது. ஒரு சமயத்தில் ஒன்று மட்டும்.

முடிந்தால், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தன்று டீ குடிக்கும் நேரத்தில் இன்னொருவரிடம் அந்தக் காலண்டரைக் காட்டுங்கள். 1985-ல் மெல்போர்னில் லேவர்ட்டன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் இப்படித்தான் தொடங்கினார்கள். பிள்ளைகள் சொன்னதை எழுதிக்கொண்டு மட்டும் போகிறார்களே, யோசிப்பதில்லையே என்கிற ஒரே கவலை. யாரும் உத்தரவு போடாமல், வேறு வேறு பாட ஆசிரியர்கள் வாராவாரம் கூடிப் பேசினார்கள். மற்றப் பள்ளிகளுக்கும் பரவி, அது பல வருஷம் நடந்தது.

*

அங்கன்வாடிக் குழந்தைகளிடமும் இது ஆகுமா?
– அங்கன்வாடிப் பணியாளர், தேனி

ஆகும். சிகாகோவில் விவியன் பேலி என்கிற மழலையர் வகுப்பு ஆசிரியை வகுப்பில் டேப் ரெக்கார்டரை ஓட விட்டு, குழந்தைகள் சொன்னதையும் தான் சொன்னதையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பெரிய பட்டம், பதவி எதையும் தேடிப் போகாமல் கடைசிவரை மழலையர் வகுப்பிலேயே இருந்தவர். 1989-ல், அமெரிக்காவில் பெரிய கௌரவமாக நினைக்கிற மக்ஆர்தர் நல்கை அவரைத் தேடி வந்தது. நீங்கள் சுண்டல் போடும் பத்து நிமிஷத்தை மட்டும் பதிவுசெய்து கேளுங்கள். குழந்தைகள் எவ்வளவு பேசுகிறார்கள், அதில் எத்தனை தடவை “பேசாம சாப்பிடு” என்று நாம் மூடி வைக்கிறோம் என்று பாருங்கள்.

*

ரீச்சர், எங்கட பாடசாலையில் என்னோடு படிப்பிக்கிற ஒருவரை என் வகுப்பைப் பார்க்கச் சொன்னேன். “எல்லாம் திறமாய் இருக்கு” என்று மட்டும் சொல்கிறா. அதிபரைக் கூப்பிடப் பயம். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

அதிபர் (எங்கள் ஊரில் தலைமையாசிரியர்) வேண்டாம். உங்கள் இன்கிரிமெண்டில் கையெழுத்துப் போடுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்கு ஆகாது. நெருங்கிய தோழியும் ஆகாது, உங்கள் முகம் வாடுவதை அவர் பொறுக்க மாட்டார். உங்கள் பாடம் தெரியாத, உங்களிடம் எதுவும் எதிர்பார்க்காத, கொஞ்சம் குசும்பு உள்ள ஒருவரைப் பிடியுங்கள். எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்காதீர்கள். எண்ணச் சொல்லுங்கள்.

எனக்கு அமைந்தவர் எங்கள் தமிழ் ஐயா. ரஸ்ஸலைப் பற்றிப் படித்துவிட்டு, நானும் எங்கள் நிறுவனத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் தினம் ஒரு பீரியட் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க அனுமதி வாங்கியிருந்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஐயாவிடம் இருக்கைகளின் படம் ஒன்றை வரைந்து கொடுத்து, “நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள்” என்றேன். நாலு நாள் வந்தார். ஐந்தாம் நாள் படத்தை மேசையில் வைத்து, “டீச்சர், நீங்க நன்னூல் சொல்ற முடத்தெங்கு” என்றார்.

யார் ஆசிரியராக இருக்கத் தகுதி இல்லாதவர் என்று பவணந்தி முனிவர் நாலு உவமை சொல்கிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. முடத்தெங்கு என்றால் கோணல் தென்னை. ஒருவன் தோட்டத்தில் தண்ணீர் குடித்து வளரும், வளைந்துபோய் அடுத்தவன் தோட்டத்தில் தேங்காய் போடும். படத்தைப் பார்த்தேன். ஜன்னலோரத்து முன் இரண்டு பெஞ்சில் புள்ளி வைக்க இடமில்லை. வாசல் பக்கம் கடைசி மூன்று பெஞ்சு வெள்ளையாகக் கிடந்தது. நான் தினமும் நுழைந்ததும் எழுந்து, கரும்பலகையைத் துடைத்து, சாக்பீஸ் எடுத்து வைத்துக் கொடுத்தது வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சுக்காரர்கள்தான். தண்ணீர் அங்கே, காய் இங்கே.

“எல்லாம் நல்லா இருக்கு” என்று ஐயா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். உங்கள் தோழியிடமும் ஒரு படத்தையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். புள்ளி வைப்பதில் தாட்சண்யத்துக்கு இடமில்லை.

*

உங்கள் பேச்சைக் கேட்டு என் வகுப்பைப் பதிவுசெய்தேன். ஒரு பிள்ளையை நான் எப்படிப் பேசியிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று தோன்றுகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் வைத்திருக்கிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதுகிற எண்ணத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு நாள் பதிவு ஒரு நாளைத்தான் காட்டும். இன்னும் இரண்டு நாள் எடுங்கள், வேறு பீரியடில். அப்புறம் அந்தப் பதிவில் நீங்கள் நன்றாகச் செய்த இடம் ஒன்றாவது இருக்கும், அதையும் தேடி எழுதுங்கள். தன்னைத் திட்டிக்கொள்வதும் ஒருவகையில் நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதுதான். அதற்குள் அந்தப் பிள்ளை மறுபடி விட்டுப்போகிறது. முடிந்தால் அந்தப் பிள்ளையிடம், “அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள். நீளமாக வேண்டாம், எல்லார் முன்னாலும் வேண்டாம். நானும் அப்படி ஒருமுறை சொல்லியிருக்கிறேன். “எது மேடம்?” என்று கேட்டது பிள்ளை. அதற்கு நினைவே இல்லை. அல்லது இல்லை என்று சொல்லிற்று. எனக்கு இன்றுவரை தெரியாது.

தமிழ் ஐயா கொடுத்த படத்தில் வெள்ளையாகக் கிடந்த கட்டங்களில் ஒன்று ஒரு பையனுடையது. சாக்பீஸ் எடுத்துத் தருபவன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அவனிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மறுநாள் நிழலைப் பற்றிய பாடம். அவன் பெயரைச் சொல்லி, “மத்தியானம் நிழல் ஏன் சின்னதா இருக்கு?” என்றேன். எழுந்தான். எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறான். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். ஒன்றும் சொல்லாமல் நின்றான். “சரி, யோசிச்சு வை, நாளைக்குக் கேக்குறேன்” என்று உட்காரச் சொன்னேன்.

மறுநாள் கேட்டேன். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. “மத்தியானம் வெயில் சூடா இருக்குல்ல டீச்சர், அதுல நிழல் சுருங்கிடும்” என்றான்.

பதில் தப்பு. ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க அன்றைக்கு வகுப்பு மொத்தமும் குச்சியோடு வெயிலில் நின்றது. குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.